ஃபார்மட் அடித்த மறுநாள்

(திண்டுக்கல்லில் மாணவர்களும் வியாபாரிகளும் கூடிய ஓர் அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தலைப்பைப் பார்த்துவிட்டு, "இதுக்கெல்லாமா ஒரு சொற்பொழிவு?" என்று நினைத்தவர்கள் இங்கே சிலர் இருப்பீர்கள். ஆனாலும் வந்துவிட்டீர்கள். உங்களில் பாதிப் பேர் வீட்டிலாவது இந்தத் தொல்லை ஒரு தடவை நடந்திருக்கும் என்பது என் கணக்கு. சிஸ்டம் மெதுவாகிவிட்டது என்றோ, வைரஸ் என்றோ கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறோம். ஓ.எஸ். மாற்றிப் போட்டுக் கொடுக்கிறார்கள். வீட்டுக்கு வந்து போட்டால் திரை பளிச்சென்று திறக்கிறது. மனசுக்கு நிறைவாக இருக்கிறது. அப்புறம் பார்த்தால் நெட் இல்லை.

வீட்டுக்காரர் கடைக்குப் போன் போடுவார். "தம்பி, நேத்து வரைக்கும் நெட் நல்லா வந்துச்சு. நீ ஃபார்மட் அடிச்சதுலதான் போயிருச்சு." கடைப் பையன் விடமாட்டான். "இல்லண்ணே, கடையில நெட் போட்டுப் பாத்துட்டுத்தான் குடுத்தேன். உங்க லைன்லதான் கோளாறு. கேபிள்காரரக் கூப்பிடுங்க." கேபிள்காரர் வருவார், பெட்டியைக் குனிந்து பார்ப்பார். "பச்சை லைட் எரியுதுல்ல சார்? எங்க சைடு கரெக்டா இருக்கு. சிஸ்டத்துலதான் ப்ராப்ளம்." சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

இந்த மூன்று பேரில் பொய் சொன்னவர் யாரும் இல்லை. கடையில் நெட் வந்தது நிஜம். வீட்டில் வராததும் நிஜம். லைன் நன்றாக இருப்பதும் நிஜம். மூன்றும் ஒரே நேரத்தில் எப்படி நிஜமாக இருக்க முடியும்? அதைத்தான் இன்று பேசப் போகிறேன்.

இப்போது பேசுவதற்கு ஒரு காரணம் உண்டு. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் பொதுவாக முடிந்தன. இதற்கு முன்னும் இப்படி நடந்திருக்கிறது. எக்ஸ்.பி.க்கு 2014 ஏப்ரல் 8, விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14. ஒவ்வொரு தேதியை ஒட்டியும் ஊர் முழுக்க ஃபார்மட் அடிக்கும் பருவம் ஒன்று வரும். நம் பக்கத்தில் நூற்பாலை அலுவலகம், ஒட்டன்சத்திரம் காய்கறி மண்டி, நிலக்கோட்டைப் பூக்கடை, சின்னாளப்பட்டிச் சேலை வியாபாரி என்று எல்லா இடத்திலும் ஜி.எஸ்.டி. போடுவதற்கென்று ஒரு பழைய சிஸ்டம் மூலையில் இருக்கும். விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் ஓரளவு புதிய பிராசசரும் வேண்டும். இந்தப் பழைய சிஸ்டங்களில் பலவற்றில் அது கிடையாது. ஏதாவது குறுக்கு வழியில் 11-ஐ ஏற்றுகிறார்கள், அல்லது லினக்ஸுக்கு மாறுகிறார்கள். எந்த வழியில் போனாலும் பெரும்பாலும் சி டிரைவைத் துடைத்துவிட்டுத்தான் போடுகிறார்கள்.

துடைக்கும் முன் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "போட்டோவெல்லாம் போயிராதே?" டேலி கணக்கைப் பற்றிக் கேட்பார்கள், கல்யாண வீடியோவைப் பற்றிக் கேட்பார்கள். "நெட் எப்படி வந்துக்கிட்டு இருந்துச்சு?" என்று நானறிந்து யாரும் கேட்டதில்லை. அது தானாக வந்துகொண்டிருந்தது என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. என்றைக்கோ ஒரு நாள் ஒருவர் வந்து, உங்கள் சிஸ்டத்தில் சில எண்களைத் தட்டிவிட்டுப் போனார். உங்களிடம் காட்டவில்லை, நீங்களும் கேட்கவில்லை. அந்த எண்கள் சி டிரைவில் மட்டும்தான் இருந்தன.

கொஞ்சம் பின்னால் போகிறேன். 2005 ஜனவரியில் பி.எஸ்.என்.எல். 'டேட்டாஒன்' என்ற பெயரில் பிராட்பேண்ட் தொடங்கியது. நம் ஊர் வீடுகளில் பலவற்றுக்கு முதல் வேக இணைப்பு அதுதான். டெலிபோன் ஒயரிலேயே நெட் வரும். பிரித்துக் கொடுக்க ஒரு ஸ்ப்ளிட்டர், பக்கத்தில் ஒரு மோடம். அந்த மோடத்தை இரண்டு விதமாக அமைக்கலாம். ஒரு முறையில் மோடம் வெறும் பாலமாக நிற்கும். யூசர்நேம், பாஸ்வேர்டு கொடுத்து எக்ஸ்சேஞ்சோடு பேச வேண்டியது உங்கள் சிஸ்டம்தான். திரையில் 'பிராட்பேண்ட் கனெக்‌ஷன்' என்று ஒரு ஐகான் இருக்கும். அதை இரண்டு தட்டுத் தட்டி, 'கனெக்ட்' கொடுத்தால்தான் நெட் வரும். இன்னொரு முறையில் யூசர்நேமும் பாஸ்வேர்டும் மோடத்துக்குள்ளேயே இருக்கும். மோடம் தானே பேசிக்கொள்ளும், சிஸ்டத்துக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரிய வேண்டியதில்லை.

இந்தப் பேச்சுமுறைக்குப் பெயர் பி.பி.பி.ஓ.ஈ. 1999-இல் அமெரிக்காவில் சில நிறுவனங்கள் சேர்ந்து வகுத்தது. அதற்கு முந்தைய டயல்-அப் காலத்தில் யூசர்நேம், பாஸ்வேர்டு வைத்துத்தான் வாடிக்கையாளரை அடையாளம் கண்டார்கள், கணக்கு எழுதினார்கள். வேகமான லைன் வந்த பிறகும் அந்தப் பழக்கத்தைக் கைவிட அவர்களுக்கு மனமில்லை. வேறு ஏதோ கண்டத்தில் பில் போடுகிறவர்களின் வசதிக்காகச் செய்த ஏற்பாடு திண்டுக்கல்லில் ஒரு வாத்தியார் வீட்டில் நெட்டை நிறுத்தும் என்று அவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள்.

வாத்தியார் வீடு என்று சொன்னது சும்மா இல்லை. பேகம்பூர்ப் பக்கம் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். சிஸ்டத்தை ஃபார்மட் அடித்த பிறகு நெட் இல்லை என்று கூப்பிட்டார். போய்ப் பார்த்தேன். மோடத்தில் எல்லா விளக்கும் எரிகிறது. சிஸ்டத்தில் அந்த 'பிராட்பேண்ட் கனெக்‌ஷன்' ஐகான் மட்டும் இல்லை. பாலம் போட்ட மோடம், சந்தேகமில்லை. "சார், யூசர்நேம் தெரியுமா?" என்றேன். பேசாமல் உள்ளே போனார். கயிறு கட்டிய ஒரு ஃபைலோடு வந்தார். இணைப்பு வாங்கிய நாளிலிருந்து வந்த எல்லா டெலிபோன் பில்லும் மாதவாரியாக அதில் இருந்தது. அடியிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை உருவினார். லைன்மேன் பால்பாயிண்ட் பேனாவால் கிறுக்கியது, மை மங்கியிருந்தது. அடித்துப் பார்த்தோம். 691 என்று பிழை வந்தது.

டேட்டாஒன் வைத்திருந்தவர்களுக்கு அந்த எண் மறந்திருக்காது. 691 வந்தால் மறுபக்கத்தோடு பேச முடிந்தது, ஆனால் பெயரோ பாஸ்வேர்டோ தப்பு என்று அர்த்தம். எக்ஸ்.பி.யில் 678, விண்டோஸ் 7-இல் 651 வந்தால் மறுபக்கத்திலிருந்து பதிலே இல்லை, ஒயரையோ மோடத்தையோ பார் என்று அர்த்தம். இந்த வேறுபாடு தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. எங்களுக்கு 691 வந்ததே நல்ல சேதிதான். சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், நடுவில் இருந்த வட்டம் பூஜ்யமா, 'ஓ' என்ற எழுத்தா என்று தெரியவில்லை. வாத்தியார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, "அந்த ஆளு பூஜ்யத்துக்கு நடுவுல கோடு போடுவாரு, கீழ பாருங்க" என்றார். கீழே போன் நம்பரில் இருந்த பூஜ்யத்துக்குக் கோடு இருந்தது. மேலே இருந்ததில் இல்லை. 'ஓ' என்று அடித்தோம், இணைப்பு வந்துவிட்டது. நாற்பது வருஷம் விடைத்தாள் திருத்திய கண்.

கேபிள்காரர்கள் நெட் கொடுக்கத் தொடங்கியபோது இதே கதை வேறு வேஷத்தில் வந்தது. சிலர் யூசர்நேமுக்குப் பதிலாக நிரந்தர ஐ.பி. முகவரி ஒன்றைக் கொடுத்தார்கள். முகவரி, மாஸ்க், கேட்வே, டி.என்.எஸ். என்று நாலு வரி எண்கள். வந்த பையன் மளமளவென்று அடித்து 'ஓகே' கொடுத்துவிட்டுப் போவான். ஃபார்மட் அடித்தால் சிஸ்டம் முகவரியைத் தானாகக் கேட்டு வாங்கும் நிலைக்குப் போய்விடும். அந்த லைனில் முகவரி தருவதற்கு ஆள் இருக்க மாட்டார்கள். பச்சை விளக்கு பாட்டுக்கு எரிந்துகொண்டிருக்கும்.

கண்ணாடி இழை வந்த பிறகு நிலைமை நிறைய மாறிவிட்டது. இப்போது வீட்டில் இருக்கும் ஓ.என்.டி. பெட்டி பொதுவாகத் தானே யூசர்நேம் கொடுத்து இணைந்துகொள்கிறது. சுற்றியிருக்கும் போன், டி.வி., லேப்டாப் எல்லாவற்றுக்கும் அதுவே முகவரி கொடுக்கிறது. தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழை கொண்டுபோகும் திட்டத்துக்கென்றே டான்ஃபிநெட் என்று ஓர் அரசு நிறுவனம் இருக்கிறது. ஆக, ஊர்ப்புறத்திலும் இனி இந்தப் பெட்டிதான். இப்படிப்பட்ட இணைப்பில் சிஸ்டத்தைத் துடைத்தால் லைனுக்கு ஒன்றும் ஆகாது.

அதனால்தான் முதல் சோதனையை உங்கள் கையில் இருக்கும் போனிலேயே செய்துவிடலாம் என்கிறேன். போனை வீட்டு வைஃபையில் இணைத்து ஏதாவது திறந்து பாருங்கள். ஆனால் அதற்கு முன் மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள். இதை மறந்துவிட்டு, "போன்ல வருதே" என்று சிம் கார்டு நெட்டைப் பார்த்துச் சொல்கிறவர்கள் ஏராளம். டேட்டாவை அணைத்த பிறகும் போனில் வருகிறது என்றால் லைன்மேனைக் கூப்பிட வேண்டாம், கோளாறு பெட்டிக்கும் சிஸ்டத்துக்கும் நடுவில் இருக்கிறது. போனிலும் வரவில்லை, பெட்டியில் சிவப்பு விளக்கு எரிகிறது என்றால் ஃபார்மட் அடித்த பையனைத் திட்டாதீர்கள். ரோட்டில் எங்கோ இழை அறுந்திருக்கிறது, அல்லது ரீசார்ஜ் முடிந்திருக்கிறது.

இனி, போனில் வந்து சிஸ்டத்தில் மட்டும் வராத கதை. இதில் முதல் சந்தேகம் டிரைவர் மேல்.

லேன் கார்டும் வைஃபை கார்டும் எத்தனையோ கம்பெனிகள் செய்பவை. ஒவ்வொன்றோடும் எப்படிப் பேசுவது என்று ஓ.எஸ்.ஸுக்குச் சொல்லிக்கொடுக்கும் சின்ன நிரல்தான் டிரைவர். விண்டோஸோடு கொஞ்சம் டிரைவர்கள் கூடவே வரும். உங்கள் கார்டுக்கானது அதில் இல்லையென்றால் நெட்டிலிருந்து இறக்க வேண்டும். நெட் வேண்டுமென்றால் டிரைவர் வேண்டும். இந்த ஊரில் நின்றுகொண்டு இதற்கு உவமை தேடுவது அவமானம். சாவியை உள்ளே வைத்துத் திண்டுக்கல் பூட்டால் பூட்டியாயிற்று. முன்பெல்லாம் மதர்போர்டு பெட்டிக்குள் ஒரு சி.டி. வரும், அதில் டிரைவர் இருக்கும். அந்த சி.டி. நிலைவாசலில் கண்ணேறுக்குத் தொங்கியதை நானே பார்த்திருக்கிறேன். இப்போது சி.டி.யும் இல்லை, அதைப் போடும் டிரைவும் இல்லை.

விண்டோஸ் 11 இதில் இன்னொரு படி மேலே போய்விட்டது. ஓ.எஸ். ஏறி முடிந்த கையோடு, "நெட்டில் இணையுங்கள்" என்று ஒரு திரை வரும். 2021-இல் ஹோம் பதிப்புக்கு வந்த இந்தக் கட்டாயம் அடுத்த வருஷம் ப்ரோ பதிப்புக்கும் வந்தது. டிரைவர் இல்லாததால் வைஃபை பட்டியல் காலியாக இருக்கும். 'நெக்ஸ்ட்' பொத்தான் மங்கிப்போயிருக்கும். முன்னேயும் போக முடியாது, பின்னேயும் போக முடியாது. இதைத் தாண்டச் சில கட்டளைகள் உலவுகின்றன, மைக்ரோசாஃப்ட் அவற்றை ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டும் வருகிறது. அவற்றை நம்பிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

ஆண்ட்ராய்டு போனை யூ.எஸ்.பி. கேபிளால் சிஸ்டத்தில் செருகுங்கள். போனின் செட்டிங்ஸில் ஹாட்ஸ்பாட் பகுதிக்குப் போய் 'யூ.எஸ்.பி. டெதரிங்' என்பதை இயக்குங்கள். சிஸ்டத்துக்குப் போன் ஒரு லேன் கார்டாகத் தெரியும். அதற்கான டிரைவர் விண்டோஸிலும் லினக்ஸிலும் ஏற்கெனவே உள்ளேயே இருக்கிறது. டேட்டா தீர்ந்துவிடும் என்று பயப்படவும் வேண்டாம். போன் வீட்டு வைஃபையில் இருந்தால் அந்த வைஃபை நெட்டையே கேபிள் வழியாகக் கொடுக்கும். சிறுமலை அடிவாரத்தில் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்காத வீட்டிலும் இது நடக்கும். ஒன்றை மட்டும் கவனியுங்கள். பவர் பேங்கோடு வரும் சில கேபிள்கள் சார்ஜ் மட்டுமே ஏற்றும், டேட்டாவைக் கடத்தாது. டெதரிங் பொத்தான் மங்கலாகவே இருந்தால் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

நெட் வந்தவுடன் விண்டோஸ் அப்டேட்டே பெரும்பாலும் டிரைவரைக் கண்டுபிடித்துவிடும். கண்டுபிடிக்காவிட்டால் 'டிவைஸ் மேனேஜர்' பக்கத்தைத் திறந்து பாருங்கள். மஞ்சள் முக்கோணத்தில் ஆச்சரியக்குறியோடு ஒரு வரி நிற்கும். அதன் பண்புகளில் 'ஹார்டுவேர் ஐடி' என்று ஒரு நீண்ட எண் இருக்கும். 'வி.இ.என்.' என்ற எழுத்துகளுக்கு அடுத்து வரும் நாலு இலக்கம் கம்பெனியைக் காட்டும். 10இசி என்றால் ரியல்டெக், 168சி என்றால் ஏதெரோஸ், 14இ4 என்றால் பிராட்காம். இன்டெல்லுக்கு 8086. தன் பழைய புகழ்பெற்ற பிராசசரின் பெயரையே அடையாள எண்ணாக வைத்துக்கொண்ட குசும்பு அது. லேப்டாப் மாடலை வைத்துத் தேடுவதைவிட இந்த எண்ணை வைத்துத் தேடினால் வழி தவறாது. ஒரே மாடலிலேயே ஆளுக்கொரு கார்டு போட்டு விற்பார்கள்.

மஞ்சள் குறியும் இல்லை, லேன் கார்டு என்ற வரியே இல்லை என்றால் வேறு பேச்சு. இந்தச் சமவெளியில் சித்திரை வைகாசியிலும் ஐப்பசியிலும் இடி விழுவது உங்களுக்குத் தெரியும். டெலிபோன் ஒயர் தாமிரமாக இருந்த காலத்தில் மின்னல் அதன் வழியே வந்து மோடத்தையும் அதோடு இணைந்த லேன் போர்ட்டையும் சேர்த்துக் கருக்கிவிட்டுப் போகும். இடி விழுந்த மறுநாள் சிஸ்டம் தடுமாறுகிறது என்று ஃபார்மட் அடிப்பார்கள். கருகிய போர்ட்டுக்கு எந்த டிரைவரும் உயிர் கொடுக்காது. யூ.எஸ்.பி.யில் செருகும் லேன் கார்டு ஒன்று வாங்கிப் போட்டால் வேலை முடிந்தது. கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது என்பதால் அந்த வழி இப்போது அடைபட்டுவிட்டது.

லினக்ஸ் பற்றி மாணவர்கள் கேட்பீர்கள். 2011 செப்டம்பர் 15-இல் தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. தொடக்க கால மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. பாஸ் என்பது மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கியது, டெபியன் லினக்ஸை அடியாக வைத்தது. வாங்கிய பிள்ளைகளில் பலர் அதைத் திறந்துகூடப் பார்க்காமல் துடைத்துவிட்டு முழுக்க விண்டோஸ் போட்டுக்கொண்டார்கள். அப்படிப் போட்டவர்கள் வைஃபை டிரைவருக்கு அலைந்தார்கள். லினக்ஸ் போட்டவர்கள் நிலைமையும் லேசாக இல்லை. பல வைஃபை கார்டுகளுக்கு டிரைவர் மட்டும் போதாது, கார்டுக்குள் ஏற்ற வேண்டிய ஃபர்ம்வேர் என்ற இன்னொரு கோப்பும் வேண்டும். மூலநிரல் வெளியிடாத அந்தக் கோப்பை வைத்துக்கொள்வது தங்கள் கொள்கைக்கு ஒத்துவராது என்று டெபியன்காரர்கள் நெடுநாள் தங்கள் அதிகாரபூர்வ நிறுவலில் சேர்க்கவில்லை. கொள்கை உயர்ந்ததுதான். நெட் இல்லாமல் உட்கார்ந்திருந்த பையனுக்கு அது சோறு போடவில்லை. 2022-இல் டெபியன் உறுப்பினர்கள் வாக்கெடுப்பு நடத்தி, ஃபர்ம்வேரையும் சேர்ப்பது என்று முடிவு செய்தார்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல் அது கூடவே வருகிறது. அவர்கள் கொள்கையில் இறங்கி வந்தது சரி என்றே நான் நினைக்கிறேன். இங்கே வேறு கருத்துள்ள நண்பர்கள் இருப்பது தெரியும், டீ குடிக்கும்போது சண்டை போடுவோம். 2025-26 பட்ஜெட்டில் கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு மடிக்கணினியோ கைக்கணினியோ தருவதாக அரசு அறிவித்தது. அவற்றிலும் ஒரு நாள் யாராவது ஃபார்மட் அடிக்கத்தான் போகிறார்கள்.

டிரைவர் சரி, வைஃபை இணைந்துவிட்டது, ஆனாலும் பக்கம் திறக்கவில்லை. இப்போது கறுப்புத் திரையைத் திறந்து 'ஐபிகான்ஃபிக்' என்று அடியுங்கள். ஐ.பி. முகவரி 192.168 என்று தொடங்கினால் பெட்டி உங்களுக்கு முகவரி கொடுத்துவிட்டது. 169.254 என்று தொடங்கினால் அது பெட்டி கொடுத்தது இல்லை. முகவரி கேட்டுக் கேட்டுப் பார்த்து, யாரும் பதில் சொல்லாததால் சிஸ்டம் தனக்குத் தானே வைத்துக்கொண்ட பெயர். நான் முன்னே சொன்ன நிரந்தர முகவரிக் கேபிள்காரர் வீட்டில் இதைத்தான் பார்ப்பீர்கள். வைஃபை பாஸ்வேர்டு தப்பாக இருந்தால் இணைப்பே நடக்காது, இவ்வளவு தூரம் வரமாட்டீர்கள்.

அடுத்தது 'பிங்'. 1983 டிசம்பரில் அமெரிக்க ராணுவ ஆய்வகத்தில் வேலை பார்த்த மைக் மூஸ் என்பவர், நெட்வொர்க்கில் ஏதோ கோளாறைத் தேடும் அவசரத்தில் எழுதிய சின்ன நிரல். நீர்மூழ்கிக் கப்பல்கள் ஒலியை அனுப்பி எதிரொலி கேட்பது போல, ஒரு பொட்டலத்தை அனுப்பித் திரும்பி வருகிறதா என்று பார்க்கும். நாற்பது வருஷம் தாண்டியும் இன்னும் எல்லாக் கணினியிலும் இருக்கிறது. முதலில் பெட்டியின் முகவரிக்கு அனுப்புங்கள், பெரும்பாலும் அது 192.168.1.1. பதில் வந்தால் வீட்டுக்குள் எல்லாம் சரி. பிறகு 8.8.8.8, கூகுள் 2009-இல் பொதுவுக்குத் திறந்துவிட்ட டி.என்.எஸ். சர்வர். அதுவும் பதில் சொன்னால் நீங்கள் உலகத்தோடு பேசிவிட்டீர்கள். அதற்குப் பிறகும் பெயர் அடித்தால் திறக்கவில்லை என்றால், பெயரை எண்ணாக மாற்றும் டி.என்.எஸ். வேலைதான் கெட்டிருக்கிறது.

டி.என்.எஸ். என்றதும் ஒரு பழைய சம்பவம். டி.என்.எஸ்.சேஞ்சர் என்றொரு வைரஸ், சிஸ்டத்தின் டி.என்.எஸ். அமைப்பை மாற்றித் திருடர்களின் சர்வருக்குத் திருப்பிவிட்டது. 2011 நவம்பரில் எஸ்தோனியாவில் ஆட்களைப் பிடித்தார்கள். அந்த சர்வர்களைச் சட்டென்று நிறுத்தினால் தொற்றுப்பட்ட லட்சக்கணக்கான சிஸ்டங்களில் நெட் போய்விடும் என்று எஃப்.பி.ஐ. மாற்று சர்வர் வைத்து ஓட்டியது. 2012 ஜூலை 9-இல்தான் நிறுத்தினார்கள். அந்த வைரஸ் சிஸ்டத்தோடு நிற்காமல் சில ரவுட்டர்களிலும் கைவைத்தது. அப்படிப்பட்ட வீட்டில் சிஸ்டத்தை எத்தனை தடவை துடைத்தாலும் நோய் பெட்டியில் இருக்கும். 2017 ஜூலையில் பி.எஸ்.என்.எல். மோடம்களைத் தாக்கிய தீநிரலும் பெட்டியைத்தான் பிடித்தது. தொழிற்சாலையில் வைத்த 'அட்மின்' பாஸ்வேர்டையே வைத்திருந்த மோடம்கள் மாட்டிக்கொண்டன. பாஸ்வேர்டை மாற்றச் சொல்லி வாடிக்கையாளர்களுக்கு நிறுவனமே அறிவுறுத்தியது. இந்த அரங்கில் எத்தனை பேர் மாற்றினீர்கள் என்று கேட்டுச் சங்கடப்படுத்த மாட்டேன்.

இன்னொரு வேடிக்கையான கோளாறு. பிங் போகிறது, பெயரும் திறக்கிறது, ஆனால் எந்தத் தளத்துக்குப் போனாலும் 'பாதுகாப்பற்றது' என்று மிரட்டுகிறது. மூலையில் தேதியைப் பாருங்கள். 2015 என்று இருக்கும். மதர்போர்டில் இருக்கும் சி.ஆர்.2032 பேட்டரி தீர்ந்திருக்கும். கரண்ட் போன ஒவ்வொரு தடவையும் கடிகாரம் பழைய வருஷத்துக்கு ஓடிவிடும். இன்றைய தளங்களின் சான்றிதழ்களுக்கு இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை என்று கெடு உண்டு. 2015-இல் இருக்கும் சிஸ்டத்துக்கு அவை இன்னும் பிறக்காத சான்றிதழ்கள். பேட்டரியை மாற்றித் தேதியைத் திருத்தினால் நெட் தானாக வரும். மணியைத் தொடும் முன் 'சென்னை, கொல்கத்தா, மும்பை, புதுடில்லி' என்று இருக்கும் நேர மண்டலத்தைத் தேர்ந்தெடுங்கள். புதிதாகப் போட்ட விண்டோஸ் சில சமயம் அமெரிக்க நேரத்திலேயே நிற்கும்.

அமெரிக்கா என்று இருப்பதில் இன்னொரு சிக்கலும் உண்டு, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வைஃபையில் 12, 13-ஆம் சேனல்களை நம் நாட்டில் பயன்படுத்தலாம், அமெரிக்காவில் வழக்கத்தில் இல்லை. அமெரிக்கா என்று நினைத்துக்கொண்டிருக்கும் வைஃபை கார்டுக்கு 13-ஆம் சேனலில் ஓடும் உங்கள் வீட்டு வைஃபை கண்ணிலேயே படாது. பக்கத்து வீட்டு வைஃபையெல்லாம் தெரிகிறது, நம் வீட்டுடையது மட்டும் தெரியவில்லை என்றால் பெட்டியில் சேனலை 1, 6, 11-இல் ஒன்றுக்கு மாற்றிப் பாருங்கள். லேப்டாப் விசைப்பலகையில் ஏரோப்ளேன் படம் போட்ட விசை அமுங்கியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். சிரிக்காதீர்கள், நிஜமாகவே அதற்காகக் கூப்பிடுகிறார்கள்.

கடைக்குக் கொண்டுபோகும் முன் செய்ய வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். நெட் வந்துகொண்டிருக்கும்போதே 'ஐபிகான்ஃபிக்' திரையை போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஐ.பி. அமைப்பு இருக்கும் பக்கத்தில் எண்கள் கையால் அடித்ததா, தானாக வந்ததா என்று பார்த்து அதையும் ஒரு படம். 'பிராட்பேண்ட் கனெக்‌ஷன்' ஐகான் இருந்தால் யூசர்நேமைக் குறித்துக்கொள்ளுங்கள். பாஸ்வேர்டு புள்ளியாகத்தான் தெரியும், அதை லைன்மேனிடம் கேட்டு வாங்குங்கள். "எதுக்கு சார், நான் வந்து போட்டுத் தாரேன்" என்பார். நல்ல மனசோடுதான் சொல்வார். ஆனாலும் கேளுங்கள், மாதாமாதம் காசு கட்டுவது நீங்கள். லேன், வைஃபை டிரைவர்களை ஒரு பென் டிரைவில் இறக்கி வைக்கச் சொல்லிக் கடைத் தம்பியிடமும் சொல்லுங்கள். தொழில் தெரிந்தவர் என்றால் இதற்கு முகம் சுளிக்க மாட்டார்.

கடைசியாக, பெட்டியின் பின்னால் இருக்கும் அந்தச் சின்ன ஓட்டை. 'ரீசெட்' என்று எழுதியிருக்கும். நெட் வரவில்லை என்றதும் வீட்டில் யாராவது ஒரு சேஃப்டி பின்னை எடுத்துக்கொண்டு அதை நோக்கிப் போவார்கள். பத்து வினாடி அழுத்தினால் பெட்டி தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்குப் போய்விடும். லைன்மேன் உள்ளே அடித்துவைத்த யூசர்நேம், பாஸ்வேர்டு, உங்கள் வைஃபை பெயர் எல்லாம் போகும். அதுவரை சிஸ்டத்தில் மட்டும் இல்லாமல் இருந்த நெட், அதன்பிறகு போனிலும் டி.வி.யிலும் இருக்காது. சனிக்கிழமை சாயங்காலம் அழுத்தினால் திங்கட்கிழமை வரை லைன்மேனுக்காகக் காத்திருக்க வேண்டியிருக்கும். பவர் பட்டனை அணைத்து ஒரு நிமிடம் கழித்துப் போடுவது வேறு, அதில் ஒன்றும் கெடாது, தாராளமாகச் செய்யுங்கள். ரீசெட்டை மட்டும், உள்ளே அடிக்க வேண்டிய யூசர்நேமும் பாஸ்வேர்டும் கையில் இருந்தால் தொடுங்கள்.

என் நேரம் முடிந்துவிட்டது என்று நடத்துநர் கையைக் காட்டுகிறார். லேப்டாப் கொண்டு வந்திருப்பவர்கள் சார்ஜரையும் எடுத்துக்கொண்டு முன்வரிசைக்கு வாருங்கள், பார்த்துவிடலாம்.